உயிரோடிருப்பவருக்கு ஓர் அறிவித்தல்

மாநாடு என்றுதான் அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் உட்துறைமுக வீதியில் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடும் மண்டபம். போன கிழமை யாருடையதோ கலியாணத்துக்குக் கட்டிய கடதாசி ரோசாத் தோரணத்தில் பாதியை அவிழ்க்காமலே விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே 'வலைப்பதிவும் சமூக ஊடகமும்' என்று பெரிய பதாகை. பதாகையில் பேச்சாளர்கள் நாலு பேரின் படம், நாலாவது நான். என் முகநூலிலிருந்தே படத்தை எடுத்து, முகத்தை வெளுப்பாக்கி, பத்து வயதைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்டால் இது ஆர் என்று கேட்பார்கள்.

எனக்குத் தந்த தலைப்பு 'நம்பகத்தன்மை'. தலைப்புத் தந்தவர்கள்மேல் பிழையில்லை, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் ஓமென்று சொன்னேன், ஏனென்றால் ஆசை. இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன், அதற்காக ஒருவரும் என்னை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. மரண அறிவித்தல் போடுகிறேன் என்பதற்காகத்தான் கூப்பிட்டார்கள்.

மரண அறிவித்தல் போடுவதற்காக நான் எழுத வந்தவள் அல்ல. வலைப்பூ என்ற சொல் புதிதாக இருந்த காலத்தில் நானும் ஒன்று தொடங்கினேன். நிலாவெளி வீதி பஸ்ஸைப் பற்றி, மழைக்கு ஒழுகும் வகுப்பறையைப் பற்றி, சந்தையில் மீன் விலை பேசும் பெண்களைப் பற்றி எழுதினேன். மூன்று பேர் வாசித்தார்கள். அதில் ஒருவர், பள்ளிக்கூடக் கணினியில் திறந்து பார்க்கும் நான்தான். பிறகு பக்கத்து வீட்டில் ஒருவர் காலமானபோது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று அறிவித்தலை எழுதி முகநூலில் போட்டேன். அன்று பின்னேரத்துக்குள் அது கனடா வரைக்கும் போய்விட்டது. என் எழுத்து அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே வலைப்பூவை விட்டேன்.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. மற்றவர்கள் மருமகனை விட்டுவிடுவார்கள், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளை விட்டுவிடுவார்கள், அதனால் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முன்னமே சொந்தங்கள் பிரிந்துபோகும். என் அறிவித்தலில் ஒருவரும் விடுபடமாட்டார்கள். ஒருமை பன்மை பிழைக்காது. 'ரீச்சர் போட்டால் சரியாகத்தான் இருக்கும்' என்று திருகோணமலையில் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். பிடித்தது என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அதனால்தான்.

போன ஆவணியில் இறக்கக்கண்டிப் பக்கத்து மீனவர் ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிற பிள்ளை. கூட வரவேண்டியவருக்குக் காய்ச்சல் என்று மனிதர் தன் சின்ன வள்ளத்தில் தனியாகப் போயிருக்கிறார். கடற்படையினர் தேடினார்கள், ஊர் வள்ளங்கள் தேடின. மூன்றாம் நாள் காலை, வெருகல் பக்கத்துக் கரையில் ஒரு உடல் ஒதுங்கியிருப்பதாக வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. குப்புறக் கிடந்த உடல், நீலக் கோடு போட்ட சாரம். அந்த மனிதரும் அப்படிச் சாரம்தான் கட்டுவார். இந்தக் கரையில் பாதிப்பேர் அப்படிச் சாரம்தான் கட்டுகிறார்கள் என்று அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்களிடம் அந்த வழக்கம் இல்லை. செத்தவீட்டுக்குப் போன் எடுத்து 'உண்மைதானோ' என்று கேட்பதைவிட மரியாதைகெட்ட வேலை வேறு கிடையாது. போய், கதிரையில் பேசாமல் இருந்துவிட்டு வருவோமே தவிர, கேட்கமாட்டோம். அதனால் அவர்களுக்குத் தெரிந்த இன்னொருவரைக் கேட்டேன். ஓம், அப்படித்தான் எல்லாரும் கதைக்கிறார்கள் என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? அவரும் அதே படத்தைத்தான் பார்த்திருந்தார். பிள்ளையை எனக்குத் தெரியும், குடும்பத்தைத் தெரியும், முறைகளைத் தெரியும். ஒருவரையும் கேட்காமல் பட்டியலை எழுதி முடித்தேன். பாடசாலை விழா ஒன்றில் எடுத்த படத்திலிருந்து அவருடைய முகத்தை வெட்டி எடுத்துக் கறுப்புக் கரை போட்டேன். முதலில் போட்டது என் பக்கம்தான்.

அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் அழவில்லை என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். மனைவி நேர்த்தி வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அறிவித்தல் முதலில் மகளின் போனுக்குத்தான் போயிருக்கிறது. ரீச்சர் போட்டிருக்கிறா என்று பிள்ளை சொன்னதோடு வீடு குழறத் தொடங்கியதாம். பொலிஸோ ஆஸ்பத்திரியோ ரீச்சருக்குச் சொல்லியிருக்கும், எங்களுக்குச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லையாக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். வீட்டாருக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன், எனக்குத் தெரியும் என்று வீட்டார் நினைத்தார்கள். நடுவில் ஒரு மனிதர் செத்துப்போனார்.

மத்தியானத்துக்குள் ஒழுங்கை முகப்பில் செத்தவீட்டு வெள்ளைக்கொடி ஏறியது. ஊர்ச் சங்கத்துக்காரர்கள் என் அறிவித்தலில் இருந்த படத்தையே எடுத்துக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடித்துச் சந்தியில் கட்டினார்கள். அழுதுகொண்டு வந்த சித்திமார் மனைவியின் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டார்கள். பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய் உடலைப் பார்த்த மைத்துனர், இது எங்கள் ஆள் இல்லை என்று சொன்னார். அடுத்த நாள் ஆளே வந்துவிட்டார். இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தோடு இழுபட்டுப் போனவரை, ஆழ்கடலில் நாள்கணக்கில் நின்று மீன்பிடிக்கும் பலநாள் வள்ளம் ஒன்று கண்டு ஏற்றிக்கொண்டு வந்து துறைமுகத்தில் இறக்கியிருக்கிறது. அவருடைய சின்ன வள்ளம் கடலோடு போய்விட்டது. பஸ்ஸில் ஊருக்கு வந்து இறங்கியவர், சந்தியில் தன் படத்தைத்தான் முதலில் கண்டார்.

நான் அறிவித்தலை அழித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பிழை நடந்துவிட்டது, அவர் உயிரோடு இருக்கிறார் என்று இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்டால் ரீச்சருக்குப் பிழைத்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரியவரும். அழித்துவிட்டால் பார்க்காதவர்களுக்குத் தெரியாது, பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் பலர் அதைப் பகிர்ந்திருந்தார்கள், படம்பிடித்து வைத்திருந்தார்கள். அவை அப்படியே கிடந்தன.

அவருடைய கரையில் ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு. ஒருவருக்குச் செத்தவீடு சொல்லியாகிவிட்டால், அது பொய்யென்று தெரிந்தாலும், சொன்ன ஆளே சொன்ன வீடுகளுக்குப் போய், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று திருப்பிச் சொல்லவேண்டும். அதுவரை அந்த ஆளை வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். அவரைத் தேடி வந்த சாவு கடலில் அவரோடு சேர்த்து மற்றவர்களையும் கொண்டுபோகும் என்று பயம். கரைவலை இழுக்கக் கூப்பிடுவார்கள், மீன்பெட்டி தூக்கக் கூப்பிடுவார்கள், தேத்தண்ணியும் கொடுப்பார்கள். கடலுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். சொந்த வள்ளத்தை இழந்த மனிதர் இனி யாரோ ஒரு வள்ளச் சொந்தக்காரரிடம், சம்மாட்டி என்பார்கள், ஆளாகச் சேர்ந்துதான் தொழிலுக்குப் போகவேண்டும். சம்மாட்டி அவரிடம் ரீச்சரைத் திருப்பிச் சொல்லச் சொல்லு, பிறகு வா என்றிருக்கிறார்.

இதையெல்லாம் எனக்கு அவருடைய மகள் எழுதியிருந்தாள். கார்த்திகையில் ஒருமுறை, தையில் ஒருமுறை. 'ரீச்சர், அப்பா உயிரோட இருக்கிறார் எண்டு உங்கட பக்கத்தில போடுவீங்களா' என்று. வகுப்பில் அவள் இதைப் பற்றி ஒருநாளும் வாய்திறக்கவில்லை, போனில்தான் கேட்டாள். நான் பார்த்தேன், பதில் எழுதவில்லை. இது மூடநம்பிக்கை, இதற்கு நான் துணைபோகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவர்களுக்குச் சாட்டு கிடைப்பது மிகவும் இலேசு.

மாநாட்டு நாள் மாசி மாதத்துச் சனிக்கிழமை. வாடை ஓய்ந்திருக்கவேண்டிய காலம், ஆனாலும் வானம் மூடிக்கொண்டுதான் கிடந்தது. பிரதம விருந்தினர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு திரியாக ஏற்றும்போது மின்விசிறி ஒவ்வொன்றாக அணைத்தது, பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏற்றினார்கள். வரவேற்பு நடனம் நடந்தது. கொழும்பிலிருந்து வந்தவர், ஒருநாளைக்கு எத்தனை தரம் பதிவு போடவேண்டும், எந்த நேரத்தில் போட்டால் ஆட்கள் பார்ப்பார்கள் என்று திரையில் காட்டினார். என் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் கவனமாக எழுதிக்கொண்டார்கள். ஏதாவது சொல்ல இருந்தால்தானே போடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் அந்த நேரக் கணக்குப் பார்த்துத்தான் பதிவு போடுகிறவள்.

என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து மேடைக்குப் போனேன். ஒலிவாங்கியைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தப் பிள்ளையின் தகப்பனைக் கண்டேன். கடைசி வரிசையில், கதவோரக் கதிரையில் இருந்தார். நீளக்கைச் சேட்டு, மடிப்புக் கலையாமல். எல்லாருக்கும் கொடுத்த மாநாட்டுத் தாள்கள் வைத்த கோப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே விட்டிருப்பார்கள். பிறகு அதைப் பார்த்தேன். 'வலைப்பதிவின் பெயர்' என்ற இடத்தில் ஒரு கோடு கீறியிருந்தார்.

பயந்துபோனேன். எழுந்து ஏதாவது சொல்லுவார், எல்லார் முன்னாலும் என்னை நாறடிப்பார் என்று நினைத்தேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. பொறுப்பு, உறுதிப்படுத்தல், ஒரு தகவலுக்கு இரண்டு பேரையாவது கேட்கவேண்டும் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், அதைத்தான் வாசித்திருப்பேன். அவர் அசையவில்லை. பேசி முடிந்ததும், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று ஏற்பாட்டாளர் சொன்னார். கிண்ணியாவிலிருந்து வந்த, சமையல் காணொளி போடும் பிள்ளை ஒன்று எழும்பியது.

"நீங்க எப்பயாச்சும் பிழையா போட்டிருக்கீங்களா ரீச்சர்? போட்டா என்ன செஞ்சீங்க?"

நல்ல கேள்வி. அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது. நான் கடைசி வரிசையைப் பார்க்காமல், ஒருமுறை நடந்தது என்றேன். உடனேயே திருத்தம் எழுதிப் பதிவு போட்டுவிட்டேன், பிழையை ஒத்துக்கொள்வதுதான் நம்பகத்தன்மை என்றேன். கைதட்டினார்கள். அப்போது நிமிர்ந்து பார்த்தேன். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள். மண்டபத்துக்குள் வெக்கையாக இருந்ததால் பலர் வெளியே வந்து, துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு மதிலோரம் நின்று சாப்பிட்டார்கள். நகரத்துக்குள் திரியும் மான்களில் இரண்டு வழக்கம்போல வந்து, எறிந்த வாழையிலைத் துண்டுகளைத் தின்றன. நான் ஏற்பாட்டாளருக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டு நழுவப் பார்த்தேன். வாசலில் அவர் நின்றார். பார்சலைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"ரீச்சர், நீங்கள் கதைச்சதைக் கேட்டனான். நல்லாக் கதைச்சனீங்கள்."

நான் தலையாட்டினேன்.

"அந்தத் திருத்திப் போட்டது எங்க கிடக்குது எண்டு ஒருக்கா எடுத்துக் காட்டுவீங்களோ? பிள்ளை தேடிப் பாத்தவ, கிடைக்கேல்ல. எனக்கு இந்தப் போன் விளையாட்டுத் தெரியாது. சம்மாட்டிமார் இப்ப ஆள் எடுக்கினம். ரெண்டு மூண்டு நாளில முடிஞ்சிடும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் என்னையும் எடுப்பினம்."

அவர் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நான் மேடையில் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். என்னில் கோபமாக வந்திருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும், ஆசிரியர்களுக்குக் கோபக்காரரைச் சமாளிக்கத் தெரியும். நம்பி வந்த மனிதரை என்ன செய்வது? ஒரு கிழமை கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழைய திகதி வரும்படி ஏதாவது செய்யலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அந்த யோசனை வந்ததுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அதனால் சொன்னேன்.

"நான் திருத்தம் போடவே இல்லை. மேடையில சொன்னது பொய்."

மான் ஒன்று அவருடைய கையிலிருந்த பார்சலை மணந்து பார்த்தது. அதை அப்படியே அதற்கு வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை சொன்னவ, ரீச்சர் போட்டிருப்பா, எங்களுக்குத்தான் தேடத் தெரியாது எண்டு."

அதற்கு மேல் அவர் என்னைக் குறைசொல்லவில்லை. நான் இப்போதே போடுகிறேன் என்று சொல்லி, அவரை மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்வரிசையில் இருத்தினேன். போனை எடுத்து எழுதத் தொடங்கினால் ஒன்றும் வரவில்லை. இறந்தவரைப் பற்றி எழுத எனக்கு அச்சு இருக்கிறது, பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். உயிரோடிருப்பவருக்கு அறிவித்தல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு மூன்று வரி எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு அது போதவில்லை. அன்றைக்கு எழுதின மாதிரியே எழுதவேண்டும், அதே ஆட்களை ஒருவரும் விடாமல் போடவேண்டும், சொன்ன மாதிரியேதான் திருப்பிச் சொல்லவேண்டும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் கைக்கும் அதுதான் பழக்கம்.

எழுதினேன். இறக்கக்கண்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாருடைய மகனும், இன்னாருடைய கணவரும், இன்னாருடைய பாசமிகு தந்தையும், இன்னாருடைய மைத்துனரும் ஆகிய இவர் உயிருடன் நலமாக இருக்கிறார். என் பக்கத்தில் வந்த அறிவித்தல் பிழையானது. பிழை என்னுடையது. கடைசி வரியை எழுதிவிட்டு, அழித்துவிட்டு, திரும்பவும் எழுதினேன். அவர் அந்த வரியைக் கேட்கவில்லை. ஆனால் அதுதான் அவ்வளவு மாதமும் என்னை எழுதவிடாமல் வைத்திருந்த வரி.

புதுப்படம் வேண்டும் என்றேன். வெளியே கூட்டிக்கொண்டுபோய்த் துறைமுகப் பக்கமாக நிறுத்தப் பார்த்தேன். கடல் வேண்டாம் என்றார். மண்டபத்தின் வெள்ளைச் சுவரோடு நின்று, கழுத்துப் பொத்தானைப் பூட்டி, இரண்டு கையையும் கீழே விட்டுக்கொண்டு நேராகப் பார்த்தார். கொஞ்சம் சிரியுங்கோ அண்ணை என்று கேட்டேன். முயற்சி செய்தார், வரவில்லை. எடுத்த படத்தை மேலே வைத்து, எழுத்தைக் கீழே வைத்துப் பதிவைப் போட்டேன்.

இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடையில் யாரோ காணொளி எடிட்டிங் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல்கூட வந்தது, இவ்வளவு இலேசான வேலையை இத்தனை மாதம் இழுத்தடித்தேனே என்று. முதலாவது கருத்து வந்தது. கூப்பிய கைகள் இரண்டு. அடுத்தது, 'ஆத்மா சாந்தியடையட்டும்'. அடுத்தது, 'ஆழ்ந்த அனுதாபங்கள்'. பிறகு கூப்பிய கைகள், கூப்பிய கைகள், அழுகிற முகம், கூப்பிய கைகள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பக்கத்தில் ஒரு படம் வந்தால், அதற்குக் கீழே 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்று இருந்தால், எங்கள் ஆட்கள் அதற்கு மேல் வாசிப்பதில்லை. வாசிக்க என்ன இருக்கிறது? அந்தச் சொற்கள் உயிரோடிருக்கிற ஒருவருக்கு இதுவரை எழுதப்பட்டதில்லை. வினைச்சொல் கடைசியில் வருகிறது, கடைசி வரைக்கும் ஒருவரும் வரவில்லை. வகுப்பில் வசனம் அமைக்கப் படிப்பிக்கிற எனக்கு இது முன்னமே விளங்கியிருக்கவேண்டும்.

"என்ன ரீச்சர் சொல்லுகினம்?"

மறைக்கலாமா என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு பொய் போதும் என்று போனை அவரிடமே கொடுத்தேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டுகிறவரைப் போல மெதுவாக ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு பெயரில் நின்றார்.

"இவர் எங்கட பக்கத்து வீடு. காலமை நான் பஸ்ஸுக்கு வரேக்க, எங்க போறாய் எண்டு கேட்டவர்."

போனை வாங்கி ஒவ்வொருவருக்கும் பதில் எழுதத் தொடங்கினேன். அவர் உயிரோடு இருக்கிறார், தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள் என்று. ஒருவருக்கு எழுதி முடிக்கமுன் நாலு பேர் புதிதாக அனுதாபம் சொன்னார்கள். லண்டனிலிருந்து ஒருவர் அவருடைய நல்ல குணங்களைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். பதிவை எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுதவா என்று அவரைக் கேட்டேன். அவர் யோசித்தார். இருக்கட்டும், சம்மாட்டி வாசிக்கத் தெரிந்த ஆள், கடைசி வரைக்கும் வாசிப்பார் என்றார். அந்த நேரம் பார்த்து, குழுப்படம் எடுக்கவேண்டும், பேச்சாளர்கள் நடுவில் வரவேண்டும் என்று ஏற்பாட்டாளர் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். படம் எடுத்தார்கள். சான்றிதழ் தந்தார்கள். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்திருந்தது, அடுத்த கிழமை திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். நான் திரும்பி வந்து பார்க்க, அவர் இருந்த கதிரையில் கோப்பு மட்டும் இருந்தது. புல்மோட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போயிருப்பார்.

அன்று பொழுதுபடும் வரைக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் எழுதினேன். சிலர் மன்னிப்புக் கேட்டுத் தங்கள் கருத்தை அழித்தார்கள். சிலர் என்னைத் திட்டினார்கள், நியாயமாகவே திட்டினார்கள். ஆனால் பகிர்ந்தவர்கள் படத்தோடு முதல் வரியை மட்டும் பகிர்ந்திருந்தார்கள், அதில் நான் கைவைக்க ஏலாது. சொன்ன வீடுகளுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று அந்தக் கரையில் சொல்கிறார்கள். எனக்கு எந்த வீடுகளுக்குச் சொன்னேன் என்றே தெரியாது.

செவ்வாய்க்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை. இடைவேளையில் அவளிடமிருந்து செய்தி வந்தது.

'ரீச்சர், சம்மாட்டி பாத்தவர். கீழ ஆக்கள் எழுதினதையும் பாத்தவர். திருப்பிச் சொல்லச் சொன்னால் ரெண்டாந்தரமும் செத்தவீடு சொல்லியிருக்கு எண்டு சொல்லிப்போட்டார். ஆள் எடுத்து முடிஞ்சுது. அதை எடுத்துவிடச் சொல்லி அப்பா சொன்னவர். உங்களில கோவமில்லையாம்.'

ஆசிரியர் அறையில் இருந்தபடியே அந்தப் பதிவை அழித்தேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை என்ன, முகம் ஒருமாதிரிக் கிடக்குது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என்னில் கோபமில்லை என்று அவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. கோபப்பட ஒரு உரிமை வேண்டும், அந்த உரிமைகூடத் தனக்கு இல்லை என்று அவர் நினைத்திருக்கிறார் போல இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் வழக்கமான பஸ்ஸில் ஏறாமல் அவருடைய கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஒருவார்த்தை நேரில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். என்ன வார்த்தை என்று தெரியாது, போனபிறகு வரும் என்று நினைத்தேன். கரையில் அந்தப் பின்னேரத்துக்கான வள்ளம் ஒன்றை நாலைந்து பேர் மணலில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவரும் நின்றார். முன்பக்கம், அணியத்தில் தோளைக் கொடுத்து, மற்றவர்களைவிடப் பலமாகத் தள்ளினார். வள்ளம் தண்ணீரைத் தொட்டதும் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பாய்ந்து ஏறினார்கள். அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அலை திருப்பிவிடாமல் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இயந்திரம் பிடித்தது. மேலிருந்து ஒருவர் விடச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் கையை எடுத்தார்.

வள்ளம் கனதூரம் போன பிறகும் அவர் தண்ணீரிலேயே நின்றார். அவர் திரும்பி என்னைக் காணமுன்னம் நான் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டேன்.